ஒளிந்து பிழைத்த யூதக் குழந்தைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பள்ளத்தூரில் என் வீட்டு வளவில் சனிக்கிழமை மாலைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்கிறேன். ஓய்வு பெற்றும் ஆசிரியைப் பழக்கம் விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் நாஜிகள் கொன்ற யூதர்கள் 60 லட்சம் என்று பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுவார்கள். அதில் ஏறக்குறைய 15 லட்சம் குழந்தைகள். தப்பியவர்களில் பலரை யாரோ ஒளித்து வளர்த்தார்கள். அதைச் சொல்ல நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வழி இது.

செட்டிநாட்டு வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்பவருக்கு ஒரு சபலம் வரும். முகப்பு, இரண்டாங்கட்டு, மாடி, பரண் என்று ஒளிய இடத்துக்கா பஞ்சம்? பிள்ளைகளை ஒளிந்து பார்க்கச் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கண்ணாமூச்சி ஆகிவிடும். ஒளிந்திருந்தபடி நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கைப் போல முழுக் குடும்பத்தோடு மறைந்திருக்க வாய்த்தவர்கள் அதிகமில்லை. அவளும் பிடிபட்டு 1945இல் நாஜி முகாமில் இறந்தாள். ஏராளமான குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து, வேறு பெயரில், கன்னிமடங்களிலும் விடுதிகளிலும் பண்ணை வீடுகளிலும் எல்லார் கண்ணெதிரிலும் வளர்ந்தார்கள். மறைக்க வேண்டியிருந்தது பெயரையும் பேச்சையும் வழிபாட்டையும்.

பலகையில் முதலில் 1942 என்று எழுதுங்கள். ஜப்பான் படைக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவர்களின் கதை இங்கே ஐயாக்கள் (தாத்தாக்கள்) வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கும். அதே ஆண்டின் கோடையில் பிரான்ஸ், ஹாலந்து, பெல்ஜியம் எங்கும் யூதர்களை ஏற்றிய ரயில்கள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு வரிசையாகக் கிளம்பின. “அவர்களும் நடந்தே தப்பியிருக்கலாமே?” என்று ஒரு பிள்ளை கேட்கும். ஐரோப்பா வரைபடத்தை விரித்து, ஜெர்மன் படை பிடித்த இடங்களையெல்லாம் அதன் கையாலேயே தீட்டச் சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்து ஆந்த்ரே கூலென். பிரஸ்ஸல்ஸில் இளம் ஆசிரியை. 1942இல் அவர் வகுப்புப் பிள்ளைகளில் சிலர், யூதர் என்று காட்ட நாஜிகள் கட்டாயப்படுத்திய மஞ்சள் நட்சத்திரம் தைத்த உடையோடு வந்தார்கள். வகுப்பில் எல்லாருமே ஏப்ரன் அணிய வேண்டும் என்று சொல்லிவிட்டார், நட்சத்திரம் மறைந்தது. பிறகு ஒரு ரகசியக் குழுவில் சேர்ந்து, குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து வாங்கிக்கொண்டுபோய் மறைவிடங்களில் சேர்த்தார். எங்கே என்று தாய்க்குச் சொல்வதில்லை. நாளை அவள் பிடிபட்டு எவ்வளவு அடித்தாலும் சொல்வதற்கு அவளிடம் எதுவும் இருக்கக் கூடாது.

இங்கே அவசரப்படாதீர்கள். மூன்று நோட்டு வாங்குங்கள். முதலாவதில் குழந்தையின் உண்மைப் பெயரும் ஓர் எண்ணும். இரண்டாவதில் அதே எண்ணும் பொய்ப் பெயரும். மூன்றாவதில் எண்ணும் முகவரியும். எல்லாம் கற்பனைப் பெயர்களாக இருக்கட்டும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர் கூடவே கூடாது. மூவரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு ஒருவரை மட்டும் கேளுங்கள்: “போலீஸ் உன் நோட்டைப் பிடுங்கிவிட்டது, அதை வைத்து ஒரு யூதக் குழந்தையைத் தேடிப் பிடிக்க முடியுமா?” பேரேடு எழுதியே பெயரெடுத்த ஊர் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கூலென் குழு நோட்டுகளை இந்த முறையில்தான் பிரித்துத் தனித்தனி இடங்களில் வைத்தது; என்னுடையது சுருக்கிய வடிவம். போர் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துக் குழந்தைகளைத் தேடினார்கள்.

ஆண் குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து ஒன்று இருந்தது. பெயரை மாற்றலாம், சிலுவை போட்டு ஜெபம் சொல்லப் பழக்கலாம். கால்சட்டையைக் கழற்றச் சொன்னால் தீர்ந்தது. யூதர்களிடம் சுன்னத்து பிறந்த எட்டாம் நாள் சடங்கு. அங்கே கிறிஸ்தவர்களிடம் அது அரிது. நம் வகுப்புகளில் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். குரலைத் தாழ்த்தாமல் நேராகச் சொல்லிவிட்டு நகருங்கள். நீங்கள் நெளிந்தால் அவர்கள் சிரிப்பார்கள்.

மீட்புக் கதைகளோடு நிறுத்தாதீர்கள். பிரான்சில் இசியூ என்ற சிற்றூரில் குழந்தைகள் விடுதி ஒன்று இருந்தது. 1944 ஏப்ரல் 6, காலை உணவு வேளையில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோ வந்து 44 குழந்தைகளையும் பிடித்துச் சென்றது. ஒருவரும் பிழைக்கவில்லை. முகாம் படங்களைக் காட்ட வேண்டாம். இதைக் கடைசியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். இரவெல்லாம் தூங்கமாட்டார்கள், விடிந்ததும் தாய்மார்கள் உங்கள் திண்ணையில் இருப்பார்கள்.

கடைசி அரைமணி நேரம் போருக்குப் பிறகு நடந்ததற்கு. கைக்குழந்தையாகக் கொடுக்கப்பட்டவர்களுக்குப் பெற்ற தாயே வேற்றாளாகத் தெரிந்தாள். பலருக்குத் தாய் திரும்பவே இல்லை. கிரெனோபில் நகரத்து ஃபினலி சகோதரர்களின் பெற்றோரை 1944இல் நாடுகடத்திக் கொன்றார்கள். அத்தை கேட்டும் வளர்த்த பெண்மணி பையன்களைக் கொடுக்கவில்லை; 1948இல் ஞானஸ்நானமும் செய்வித்தார். வழக்கு நடந்தது, பையன்களை ஸ்பெயினுக்குக் கடத்தினார்கள், 1953இல்தான் உறவினரிடம் வந்துசேர்ந்தார்கள்.

“நம் வீடுகளில் பிள்ளை கூட்டிக்கொள்வது போலத்தானே, ஆச்சி?” என்று, தத்தெடுப்பதை வைத்து ஒரு கேள்வி எப்படியும் வரும். அது பங்காளிகள் கூடி ஊரறிய நடப்பது. கொடுத்தவர் திரும்பக் கேட்பதில்லை. அந்தப் பெற்றோரோ, பிழைத்திருந்தால் வந்து கூட்டிப்போகலாம் என்றுதான் கொடுத்தார்கள். அப்படியானால் பையன்கள் யாரிடம் இருந்திருக்க வேண்டும்? தீர்ப்புச் சொல்லாதீர்கள், சண்டை போடட்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களை மட்டும் கிளப்பிவிடுங்கள்.