தோல் வெப்ப அலைவை வைத்து நுண் இரத்த நாளங்களைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விரல் நுனியில் தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சிறு சென்சார்) ஒட்டிப் பார்த்தால் தோலின் வெப்பம் ஒரே அளவில் நிற்காது. டிகிரியில் நூறில் சில பங்கு ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். நுண் நாளங்கள் சுருங்கி விரிவதுதான் இதற்குக் காரணம். 0.0095 முதல் 0.02 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவு நாளத்தின் உட்படலத்தோடும், 0.02–0.05 நாளங்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளோடும், 0.05–0.14 நாளச் சுவரின் தசையோடும் தொடர்புடையவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெப்ப வரைபடத்தையே இரத்த ஓட்ட வரைபடமாக எடுத்துக்கொள்வது. நாளத்துக்கும் சென்சாருக்கும் நடுவே தோல் இருக்கிறது. அது வேகமான அலைகளை விழுங்கிவிடும். 1 மி.மீ. ஆழத்திலிருந்து வரும் 0.01 ஹெர்ட்ஸ் அலையில் பாதிக்குச் சற்று மேல் மேற்பரப்பை எட்டும், அதுவும் சுமார் 9 விநாடி தாமதமாக. 0.1 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1 ஹெர்ட்ஸ் நாடித்துடிப்பில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. இந்த இழப்புக்குத் திருத்தம் செய்யாமல் மேலே சொன்ன மூன்று அலைவெண் பட்டைகளையும் ஒப்பிட்டால் தசை அலைவு எல்லோருக்கும் பலவீனமாகவே தெரியும். 0.14-க்கு மேல் எதையும் படிக்கவே வேண்டாம். அதற்கு லேசர் ஒளியால் இரத்த ஓட்டத்தையே அளக்கும் லேசர் டாப்ளர்தான் வேண்டும்.

அடுத்தது கருவி. 10 கிலோஓம் தெர்மிஸ்டரை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையின் 10 பிட் உள்ளீட்டில் நேரடியாகக் கொடுத்தால் ஒரு படியே ஏறக்குறைய 0.1 டிகிரி. தேடும் அலைவு முழுவதும் அந்த ஒரு படிக்குள் மறைந்துவிடும். 0.001 டிகிரியைப் பிரித்துக் காட்டும் அமைப்பு தேவை. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 24 பிட் மாற்றி நல்ல தேர்வு. தெர்மிஸ்டரில் மின்னோட்டம் கூடினால் அது தானே சூடாகும், அதையும் கவனியுங்கள். வெப்பக் கேமராவில் வேறு சிக்கல்: ஷட்டர் மூடித் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் பதிவில் ஒரு குதிப்பு விழும்.

ஒட்டும் விதத்திலேயே பல பதிவுகள் கெடுகின்றன. பிளாஸ்திரியை விரலைச் சுற்றி இறுக்கினால் தந்துகிகள் நசுங்கி, சோதிக்க வந்த ஓட்டமே நின்றுவிடும். விரலைச் சுற்றாமல் மேலே ஒரு துண்டு மட்டும் ஒட்டினால் போதும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசியின் கம்ப்ரசர் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்பது பதிவில் மெதுவான அலையாகவே வந்து உட்காரும். அதை உட்படலத்தின் அலைவு என்று நம்பிவிடுவது எளிது. சென்சாருக்குப் பக்கத்தில் காற்றின் வெப்பத்தை அளக்க இன்னொரு தெர்மிஸ்டர் வைத்தால் குட்டு வெளிப்படும். அறை 23–25 டிகிரியில் இருக்க, 20 நிமிடம் உட்கார வைத்த பிறகே தொடங்குங்கள். காபி, புகை இரண்டும் முன்னதாகவே கூடாது. விரல் சில்லென்றிருந்தால் நாளங்கள் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அலைவு காணவில்லை என்று நோயை எழுதிவிடாதீர்கள்.

0.0095 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 105 விநாடி. ஐந்து நிமிடப் பதிவில் மூன்று சுற்றுகூட இருக்காது. அலைவெண்களை நேரத்தோடு பிரித்துக் காட்டும் வேவ்லெட் கணக்கில் பதிவின் இரு முனைகளும் வேறு பயனற்றுப் போகும். 20 நிமிடம் தேவை. மெதுவான ஏற்றத்தை நீக்குவதாக 60 விநாடிச் சராசரியைக் கழிப்பவர்கள், தேடி வந்த அலையையே பெருமளவு கழித்துவிடுகிறார்கள். மெதுவான அலைகளை நீக்கும் வெட்டு எல்லை 0.005 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கட்டும்.

விரல் நுனியில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிகள் ஏராளம். முன்கைத் தோலில் அவை கிடையா. ஆகவே விரலின் எண்ணை முன்கையின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

ஓய்வுநிலையில் எடுத்த ஒற்றை எண் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். மற்றக் கையை ஐஸ் நீரில் மூன்று நிமிடம் வைத்து, அலைவு எவ்வளவு அடங்கி எப்படி மீள்கிறது என்று அதே ஆளின் முந்தைய பதிவோடு ஒப்பிடுவதே பயன் தரும். குளிரில் விரல் வெளுத்துப்போகும் ரேனோ தொல்லை, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.