டரான்டுலாக் குஞ்சு சாப்பிடவில்லையா? பதற்றத்தில் செய்யும் தவறுகள்

டரான்டுலா என்ற பெரிய முடிச் சிலந்தியின் குஞ்சை வாங்கியவர்கள் முதல் தடவை பதறுவது பெரும்பாலும் இதற்குத்தான்: பூச்சியைப் போட்டேன், தொடவே இல்லை, ஒரு வாரம் ஆகிவிட்டது, என்ன செய்வது? நாய்க்குட்டி இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது சரி. அதே பதற்றத்தைச் சிலந்தியிடம் காட்டினால்தான் ஆபத்து, ஏனென்றால் பட்டினி கிடக்கவே பழகிய உயிர் இது. என்னைக் கேட்டால், சாப்பிடாமல் சாகும் குஞ்சைவிட, சாப்பிட வைக்கிறேன் என்று ஆள் செய்யும் வேலைகளால் சாகும் குஞ்சுதான் அதிகம்.

புதிதாக வளர்ப்பவர்கள் பலரும் மெக்சிகன் ரெட் நீ என்ற டரான்டுலா இனத்தில்தான் தொடங்குகிறார்கள், அதையே வைத்துப் பேசலாம். மெக்சிகோவின் பசிபிக் கரையோரப் பக்கத்தைச் சேர்ந்த சிலந்தி, பெண்ணாக இருந்தால் 20 வருஷத்துக்கு மேல் இருக்கும், வளர்ச்சி அதற்கேற்ற மந்தம். ஒரு சென்டிமீட்டர் குஞ்சு தினமும் சாப்பிடாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். பசிக்கும் என்று நாமாக நினைத்துத் தினமும் போட்டால் சீக்கிரமே வயிறு உப்பிவிடும், அப்புறம் வாரக்கணக்கில் திரும்பிக்கூடப் பார்க்காது. அது நோயில்லை, வயிறு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள். தலையும் காலும் இருக்கும் முன்பகுதியைவிடப் பின்னால் இருக்கும் வயிறு பெரிதாக உருண்டு இருந்தால், குஞ்சு எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தாலும் விட்டுவிடலாம். அந்த வயிறு கறுத்து, தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். ரெட் நீ போன்ற அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பலவற்றில் வயிற்றின் பின்பக்கம் முடி உதிர்ந்த வழுக்கை இடம் இருந்தால், அது கறுப்பதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். நம் ஊர், இலங்கைக் காடுகளில் இருக்கும் பொயிசிலோதீரியா என்ற டரான்டுலா இனங்களுக்கு அப்படி உதிர்க்கும், பட்டால் அரிக்கிற முடியே கிடையாது, அதனால் அவற்றில் இந்த வழுக்கையைத் தேடிப் பயனில்லை.

தோல் உரிப்பது என்றால் மேல்சட்டையைக் கழற்றுவது மட்டுமில்லை. விஷப்பற்கள், உணவை உறிஞ்சும் இரைப்பையின் உள்பூச்சு, மூச்சு விடும் நுரையீரல் மடிப்புகளின் உறை எல்லாமே சேர்ந்து கழன்று வரும். வாயிலிருந்து வயிறு வரை புதுப்பிக்கிற நேரத்தில் அதனால் எப்படிச் சாப்பிட முடியும்? இந்தச் சமயத்தில் உயிருள்ள கிரிக்கெட் பூச்சியைப் பெட்டிக்குள் விட்டு வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. தோல் உரிக்க மல்லாந்து கிடக்கும் குஞ்சின் மேல்தோல் அப்போது பாலாடை போல மெல்லியதாக இருக்கும், பசித்த கிரிக்கெட் அதைக் கடித்துத் தின்றுவிடும். போட்ட இரையை மறுநாள் காலைக்குள் தொடவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். மீல்வோர்ம் என்ற வண்டுப் புழுவைப் போடுகிறவர்கள் தலையை நசுக்கிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் புகுந்துகொண்டு சரியாகத் தோல் உரிக்கிற அன்றைக்கு வெளியே வரும்.

மல்லாந்து கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. நிமிர்த்திவிடப் போய்க் கொன்றவர்களும் உண்டு. சாகிற சிலந்தி பொதுவாக மல்லாக்கப் படுக்காது. நின்ற வாக்கிலேயே கால்கள் எல்லாம் உள்பக்கமாக அடியில் சுருண்டுகொள்ளும். சிலந்திக் காலின் முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது, உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான் அவை நீள்கின்றன. உடம்பில் நீர் வற்றினால் அழுத்தம் போய்விடும், கால் சுருண்டுவிடும். ஆக, சுருங்கிச் சுருக்கம் விழுந்த வயிறும் உள்ளே மடிகிற காலும் தெரிந்தால் பசியைவிடத் தாகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்குள் பஞ்சு வைக்காதீர்கள், அழுகிக் கிருமிதான் வளரும்.

தண்ணீர் என்றதும் சிலர் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக் குஞ்சின் மேலேயே அடிப்பார்கள், பெட்டி முழுக்கச் சொதசொதவென்று ஆக்குவார்கள். ரெட் நீக்கு ஈர மண் பிடிக்காது, நுனிக்காலில் எழும்பிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். அப்படி நிற்கிற சிலந்தி இரை பிடிக்காது. தேங்காய் நார்த்தூளில் ஒரு ஓரத்தை மட்டும் நனைத்துவிட்டு மற்றதைக் காயவிட்டால் போதும். எங்கே உட்காருவது என்று அதற்கே தெரியும்.

வெப்பம் கொடுத்தால் பசி வரும் என்று குண்டு பல்பு, ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வைப்பது இன்னொன்று. நமக்கு வசதியான அறை வெப்பமே அதற்கும் போதும், 22 முதல் 28 டிகிரி வரை தாராளம். சின்ன டப்பாவின் அடியில் ஹீட் மேட் வைத்தால் குஞ்சு வெப்பத்திலிருந்து தப்பிக்கக் கீழே தோண்டும், தோண்டத் தோண்ட இன்னும் சூடான இடத்துக்கே போய்ச் சேரும்.

வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டால் அது கதவைச் சாத்திவிட்டது, தோண்டிப் பார்க்காதீர்கள். இரண்டு மாதம் ஆனாலும் சரி. தண்ணீர் மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள். சாப்பிடவில்லையே என்று புதுப் பெட்டிக்கு மாற்றுவதும், கையில் எடுத்துக் கொஞ்சுவதும், இடுக்கியில் பூச்சியைப் பிடித்து முகத்தில் இடிப்பதும் பயத்தைத்தான் கூட்டும். சின்னக் குஞ்சைப் பெரிய கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தால் மட்டும் சின்ன டப்பாவுக்கு மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அவ்வளவு பெரிய இடத்தில் இரை எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது.

அதே அறையில் கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா, கரப்பான் மருந்து அடிக்கிறீர்களா என்றும் யோசியுங்கள். பூச்சியைக் கொல்கிற மருந்து சிலந்தியையும் கொல்லும். தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியைப் போடாதீர்கள் என்பதும் அதனால்தான், எந்தச் செடியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று யார் கண்டது?

தோல் உரித்து முடித்ததும் ஆளைப் பார்த்தால் வயிறு வற்றி, கால் நீண்டு, பாவமாக இருக்கும். உடனே விருந்து வைக்கத் தோன்றும். விஷப்பல் அப்போது வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில்தான் கறுக்கும். கறுப்பதற்கு முன் கடினமான பூச்சியைக் கடித்தால் பல் வளையும். குஞ்சுக்கு நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரம் வரை பொறுக்கலாம். பல் கறுத்து, வயிறும் சின்னதாக இருந்து, அப்போதும் உயிருள்ள பூச்சியைக் கண்டு பின்வாங்கினால், இரை அதன் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். கிரிக்கெட்டின் பின்னங்காலைப் பிய்த்தோ, மீல்வோர்மைத் துண்டாக நறுக்கியோ இரவில் விளக்கை அணைத்துவிட்டு வளை வாசலில் வைத்தால் குஞ்சுகள் செத்த இரையையும் இழுத்துக்கொள்ளும். காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி வைத்துப் பாருங்கள்.