செக்ல பேங்க் பண்ணது ஒரு தப்பு, அதுக்கப்புறம் நான் பண்ணது ரெண்டு தப்பு

பழைய வண்ணாரப்பேட்டைல சின்னதா ஒரு தையல் யூனிட் வச்சிருக்கேன், ஸ்கூல் யூனிஃபார்ம் ஜாப் ஒர்க். போன வருஷம் ஒரு பார்ட்டி தையல் கூலிக்கு 37,500 ரூபாய்க்கு செக் குடுத்தாரு. போட்டேன், கிரெடிட் ஆச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, சரி வந்துடுச்சுன்னு விட்டுட்டேன், எவ்ளோன்னு கூட பாக்கல. பன்னெண்டு நாள் கழிச்சு பாஸ்புக் என்ட்ரி போட்டா 31,500ன்னு நிக்குது! அவரு 7ஐ 1 மாதிரி இழுத்து எழுதியிருக்காரு, என்ட்ரி போட்டவங்க அப்படியே ஒண்ணுன்னு அடிச்சுட்டாங்க. ஆனா எழுத்துல முப்பத்தேழாயிரத்து ஐநூறுன்னு தெளிவா இருக்கு, நம்பரும் எழுத்தும் ஒத்துப்போகலன்னா எழுத்துல இருக்குறது தான் கணக்குன்னு செக்குக்கெல்லாம் இருக்குற சட்டம், நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட், அதோட 18வது செக்‌ஷனே சொல்லுது. ஸோ நியாயம் என் பக்கம் தான். அப்புறமும் ஒரு மாசம் அலைஞ்சேன், ஏன்னா தப்பு தப்பா மூவ் பண்ணேன்.

மொத தப்பு, பார்ட்டிக்கு ஃபோன் போட்டு கத்துனது. அந்த மனுஷன் என்னா பண்ணுவாரு பாவம், அவரு அக்கவுண்ட்லயும் 31,500 தான் போயிருக்கு. நல்லவரு, "விடுங்கண்ணே, மீதி ஆறாயிரத்தை ஜிபே பண்ணிடறேன்"னாரு. நல்லவேளை வேணாம்னேன். இது ரொம்ப பேரு பண்ற தப்பு, சொல்லிடறேன். வெளில ஆறாயிரம் வாங்கிக்கிட்டு, நாளைக்கு பேங்கும் திருத்திடுச்சுன்னா அவருக்கு ரெண்டு தடவை போயிடும், அப்புறம் யாரு யாருக்கு தரணும்னு ஒரு பஞ்சாயத்து. செக்ல வந்த வித்தியாசத்தை பேங்க் வழியா தான் சரி பண்ணிக்கணும். பார்ட்டி கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், அவரு ஸ்டேட்மென்ட்ல அந்த செக் நம்பருக்கு நேரா எவ்ளோ டெபிட் ஆயிருக்குன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட்.

எந்த பேங்க்ல போய் கேக்குறதுன்னும் நெறைய பேருக்கு குழப்பம். செக்ல எந்த பேங்க் பேர் இருக்கோ அங்க போய் நிக்கிறாங்க, அவங்க "உங்க அக்கவுண்ட் இங்க இல்லையே"ன்னு அனுப்பிடுவாங்க. செக்கை போட்டவரு போட்ட பேங்க்ல கேக்கணும், செக் குடுத்தவரு தன்னோட பேங்க்ல கேக்கணும், அதாவது உங்க அக்கவுண்ட் எங்கயோ அங்க. அந்த காகிதச் செக்கும் போட்ட பேங்க்ல தான் இருக்கும். முன்ன மாதிரி மூட்டை கட்டி எடுத்துட்டு போறதில்ல, சென்னைல 2011ல இருந்தே ஸ்கேன் எடுத்து படத்தை மட்டும் தான் செக் குடுத்தவரோட பேங்குக்கு அனுப்புறாங்க. அதனால "செக் எங்க கிட்ட இல்ல சார்"னு போட்ட பேங்க்லயே சொன்னா நம்பாதீங்க, "இமேஜ் எடுத்து பாருங்க மேடம்"னு பொறுமையா சொல்லுங்க.

அடுத்தது, நான் பண்ணதுலயே பெரிய தப்பு, வாயால சொல்லிட்டு வந்தது. கவுன்டர்ல சொன்னா "பாத்து சொல்றேன் சார்"னாங்க. அடுத்த வாரம் போனா அந்த மேடம் லீவு, வேற ஒருத்தர் மறுபடி முதல்ல இருந்து கதை கேக்குறாரு. மூணாவது தடவை போனா சர்வர் டவுன். ரெண்டு வாரம் இப்படியே போச்சு, நான் வந்து போனதுக்கு ஒரு துண்டு சீட்டு கூட கையில இல்ல. கடைசில தேரடி பக்கம் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஸ்டாஃப் இருக்காரு, அவரு தான் திட்டுனாரு, "ஏம்ப்பா, லெட்டர் குடுத்து சீல் வாங்குனியா இல்லயா?"ன்னு.

லெட்டர்னா பெருசா ஒண்ணும் இல்ல, அரைப்பக்கம் போதும், தமிழ்லயே எழுதலாம். அக்கவுண்ட் நம்பர், செக் நம்பர், எந்த பேங்க் செக், போட்ட தேதி, செக்ல இருந்த தொகை, வந்த தொகை, குறையிற தொகை. ரெண்டு காப்பி எடுங்க, ஒண்ணை குடுத்துட்டு இன்னொண்ணுல சீல், தேதி, கையெழுத்து வாங்குங்க, கூடவே கம்ப்ளைன்ட் நம்பரும் கேளுங்க. செக் போட்டப்போ கிழிச்ச கவுன்டர்ஃபாயிலோட ஜெராக்ஸும் வைக்கணும், ஒரிஜினலை மட்டும் குடுத்துடாதீங்க. செக்கை டிராப் பாக்ஸ்ல போட்டவங்க இங்க தான் மாட்டுவாங்க, ஏன்னா கவுன்டர்ஃபாயில்ல சீல் இருக்காது. டிராப் பாக்ஸ் இருந்தாலும் கவுன்டர்ல குடுத்து சீல் கேட்டா எந்த பிராஞ்சும் முடியாதுன்னு சொல்லக்கூடாது, ரிசர்வ் பேங்க் ரூல் அது. கூட்டமா இருக்குன்னு பொட்டில போட்டுட்டு ஓடிவராதீங்க.

லெட்டர்லயே இன்னொண்ணும் சேத்து எழுதணும், இதை முக்கால்வாசி பேரு விட்டுடறாங்க. காசு குறைஞ்சதால வேற என்ன அடி விழுந்துச்சு? மினிமம் பேலன்ஸ் பிடிச்சிருப்பான், ஈஎம்ஐ பவுன்ஸ் ஆயிருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் சார்ஜ் போட்டிருப்பான். எல்லாத்தையும் தேதியோட லிஸ்ட் போட்டு திருப்பிக் கேளுங்க, லேட்டான நாளுக்கு வட்டியும் கேளுங்க. லோக்கல் செக்குக்கு பேங்க் தன் பாலிசில வட்டி ரேட் போடலன்னாலும் சேவிங்ஸ் வட்டியாவது தரணும்.

செக் திரும்பி வந்த கேஸ் கொஞ்சம் வேற. செக் கூட பேங்க் குடுக்குற ரிட்டர்ன் மெமோல என்ன காரணம்னு படிக்காம பார்ட்டி மேல பாயக்கூடாது. ஸ்கேன் சரியில்ல மாதிரி டெக்னிக்கல் காரணம்னா, நம்ம தப்பு இல்லன்னா, நம்ம கிட்ட சார்ஜ் பிடிக்கக்கூடாது, நம்மள கேக்காமலே திருப்பிப் போடக்கூடிய செக்கை 24 மணி நேரத்துக்குள்ள, லீவு நாள் கணக்கு இல்லாம, அவங்களே திருப்பிப் போட்டு மெசேஜ் அனுப்பணும். நெஜமாவே காசு இல்லாம திரும்புச்சுன்னா மெமோவை தூக்கிப் போட்டுடாதீங்க, செக் திரும்புன தகவல் வந்து 30 நாளுக்குள்ள செக் குடுத்தவருக்கு நோட்டீஸ் போகலன்னா, செக் பவுன்ஸுக்குப் போடுற 138 கேஸ் நிக்காது. செக்குக்கு ஆயுசே தேதில இருந்து மூணு மாசம் தான். இன்னொண்ணு, தொகைலயோ பேர்லயோ அடிச்சு திருத்தி கையெழுத்து போட்டா இப்ப கிளியரிங்ல செல்லாது, புது செக் தான் வாங்கணும்.

செக் குடுக்குறவங்களுக்கு ஒண்ணு. 2025 அக்டோபர் 4ல இருந்து பகல் நேரத்துல செக் உடனுக்குடனே போயிட்டே இருக்கு, செக் குடுத்தவரோட பேங்க் சாயங்காலம் 7 மணிக்குள்ள பதில் சொல்லலன்னா ஓகேன்னு எடுத்துக்குவாங்க. நாளைக்கு காசு போட்டுக்கலாம்னு இருக்காதீங்க. 50,000க்கு மேல செக் குடுத்தா செக் விவரத்தை முன்னாடியே நம்ம பேங்குக்கு சொல்லி வைக்கிற பாசிட்டிவ் பேல டீடெயில்ஸ் ஏத்திடுங்க, பின்னாடி தகராறு வந்தா அது தான் கை குடுக்கும்.

தப்பா ஜாஸ்தி வந்துச்சுன்னாலும் எடுத்து செலவு பண்ணிடாதீங்க, தவறுதலா வந்த காசை திருப்பிக் குடுத்தே ஆகணும், கான்ட்ராக்ட் ஆக்ட் 72வது பிரிவு சொல்லுது.

லெட்டர் குடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்ல, இல்லனா முடியாதுன்னுட்டாங்கன்னா, பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன் கிட்ட போகணும். அதுக்கு முன்னாடி போனா எடுக்க மாட்டாங்க. நம்ம ஏரியாகாரங்க நேரா பீச் ஸ்டேஷன் பக்கம் இருக்குற ரிசர்வ் பேங்க் பில்டிங்குக்கு கெளம்பிடுவாங்க, நானும் யோசிச்சேன், பக்கம் தானேன்னு. ஆனா கம்ப்ளைன்டை ரிசர்வ் பேங்க்கோட புகார் வெப்சைட், சிஎம்எஸ் போர்ட்டல்ல போடணும், காசு கிடையாது, வக்கீலும் தேவையில்ல, தபால்ல அனுப்புனா சண்டிகருக்குப் போகுது. சந்தேகம்னா ரிசர்வ் பேங்க் நம்பர் 14448க்கு ஃபோன் போடுங்க. கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி அடிக்காதீங்க, ஓடிபி கேக்குறவன் எவனும் பேங்க்காரன் இல்ல.

எனக்கு அது வரைக்கும் போகல. சீல் போட்ட லெட்டர் குடுத்த ஆறாவது நாள் 6,000 ஏறிடுச்சு. வட்டி பதிமூணு ரூபா தனியா வந்துச்சு, மின்ட் ஏரியால டீ பதினஞ்சு, ரெண்டு ரூபா நான் தான் போட்டேன்.