கண்புரை அறுவை சிகிச்சை: செல்வதற்கு முன்பும் வந்த பின்பும்

"புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். அது பெரிய கீறலிட்டுத் தையல் போட்ட காலத்துப் பேச்சு. இப்போது பல மருத்துவமனைகளில் சுமார் 3 மில்லிமீட்டர் கீறல் வழியே புரையை ஒலி அலைகளால் உடைத்து உறிஞ்சியெடுத்து, மடக்கிய செயற்கை லென்ஸை உள்ளே வைக்கிறார்கள். கல்லாக இறுகிய புரைதான் அதற்குச் சிரமம் தருகிறது. சில சமயம் கண்ணின் அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. ஆகவே, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிந்து, பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல் போகும்போதே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மங்கலெல்லாம் புரைதான் என்று நாமே முடிவு செய்வது இன்னும் ஆபத்தானது. புரையால் மங்கிய பார்வையைப் பெரும்பாலும் மீட்கலாம். கண் நீர் அழுத்த நோயில் பறிபோனது திரும்பாது. கண்ணழுத்தத்தை அளந்து, பாவையை விரித்து, விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அன்று சில மணி நேரம் கண் கூசும் என்பதால், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் பையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். முக்கியமாக, சிறுநீர்த் தடைக்காக ஆண்கள் சாப்பிடும் டாம்சுலோசின், அறுவையின்போது கருவிழிப்படலத்தைத் தளரவைக்கும். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பத் தயாராவார்.

வீடு திரும்பிய பின் சொட்டு மருந்துதான் பாதி வைத்தியம். சோப்பால் கைகழுவி, அண்ணாந்து, கீழிமையை மெல்ல இழுத்தால் சிறு பள்ளம் தெரியும். குப்பியின் நுனி இமையில் படாமல் அதில் ஒரு சொட்டு விடுங்கள், ஒன்றே போதும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்காதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள்.

வலியோ சிவப்போ கூடினாலும், பார்வை குறைந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெதுவாக மங்கினால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு மங்கியிருக்கும், அதை லேசரால் சில நிமிடங்களில் திறந்துவிடுவார்கள்.