ஊசி போடும் கைக்கு ஒரு மாயக் கையுறை

பிள்ளைக்கு ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஏற்றவோ போகிறீர்களா? 5 வயது தாண்டியிருந்தால், ஹிப்னாடிச முறையில் வரும் மாயக் கையுறை, அதாவது கை மரத்துப்போனதாகக் கற்பனை செய்ய வைக்கும் உத்தி, நன்றாகக் கைகொடுக்கும். முந்தின நாளே வீட்டில் பழக்குங்கள். அலறத் தொடங்கியபின் எதுவும் காதில் ஏறாது.

மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மெல்ல நீவியபடி, "குடமுருட்டி ஆத்துத் தண்ணியில கைய விட்டிருக்க, சில்லுனு ஏறுது, அப்படியே மரத்துப்போவுது பாரு" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். மூச்சை நீளமாக விடட்டும். என்ன மீன் ஓடுது, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். ஊசியைக் கையிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இதைத் தொடருங்கள்.

"வலிக்காது" என்று மட்டும் சொல்லவே வேண்டாம். வலி என்ற சொல்தான் மனதில் நிற்கும். குத்தியதும் உங்கள் மீதான நம்பிக்கையும் போய்விடும்.

டாக்டர் மரப்புக் களிம்பு எழுதினால் அதையும் தடவுங்கள், 1 மணி நேரம் முன்பாகவே.