கப்பல் வரும் நாளில் பினாங்கு: நம்மவர்கள் செய்யும் தவறுகள்

நகை எடுக்க, தீபாவளிச் சேலை எடுக்க, பிள்ளைகளைக் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) கூட்டிப்போக என்று பெருநிலப் பக்கம் இருக்கும் நிபோங் திபால் தோட்டத்து ஆட்கள் பினாங்குத் தீவில் இருக்கும் ஜோர்ஜ்டவுனுக்கு அடிக்கடி போகிறார்கள். பள்ளி விடுமுறையா, மழை வருமா என்று பார்ப்பார்கள். சுவெட்டன்ஹம் துறையில் அன்றைக்குச் சுற்றுலாக் கப்பல் நிற்கிறதா என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். அதுதான் முதல் தவறு. பல ஊர்களில் கப்பல் துறை ஊருக்கு வெளியே இருக்கும். இங்கே மணிக்கூண்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. பெரிய கப்பலில் 3,000, 4,000 பேர் வருவார்கள். இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் நம் கடைகள் இருக்கும் லிட்டில் இந்தியா. இரண்டு கப்பல் சேர்ந்து நின்றால் கேட்கவே வேண்டாம்.

கப்பல் அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஆனால் அதில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காலை 7 மணிக்குக் கப்பல் துறைக்கு வந்து சேர்ந்தால் ஆட்கள் படிப்படியாகத்தான் இறங்குவார்கள். தெருவில் கூட்டம் கட்ட 9 மணியாகிவிடும். மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு அரை மணி, ஒரு மணி முன்னதாகவே ஏறியாக வேண்டும். கப்பலை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பலர் 4 மணிக்கே திரும்பிவிடுவார்கள். ஆகவே காலை 9 மணிக்குள் போங்கள், இல்லையென்றால் 4 மணிக்கு மேல் போங்கள். இரவில் கிளம்பும் கப்பலாக இருந்தால் இந்த மாலைக் கணக்கு பலிக்காது.

காலையில் போனால் முதலில் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில். 1833இல் எழுந்த கோயில். சாவகாசமாகக் கும்பிட அந்த நேரம்தான் சரி. மதியத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு நடை சாத்திய பிறகு வாசலில் நிற்பவர்கள் உண்டு. நகைக்கடைக்கும் கடை திறந்ததுமே போய்விடுங்கள். கிராம் விலை எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் காட்டச் சொல்ல அப்போதுதான் முடியும். நெரிசலில் மொத்தத் தொகையை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஊரில் கூட்டம், அதனால் கொடிமலைக்குப் போய்விடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. கப்பல்காரர்களின் சுற்றுலாப் பேருந்துகள் காலையில் நேராகப் போவதே அங்கேயும் கெக் லோக் சி என்ற பௌத்தக் கோயிலுக்கும்தான். மலை ரயில் ஒரு நடைக்கு 100 பேரை ஏற்றும். 40 பேர் வீதம் ஐந்து பேருந்து ஒன்றாக வந்து நின்றால் அதற்கே இரண்டு நடை போய்விடும். நம் முறை அதற்கப்புறம். கொடிமலையை வேறு நாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. எப்போது போனாலும் வீட்டில் எல்லாருடைய மைகார்டும் (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும். உள்ளூர்க் கட்டணம் அதைக் காட்டினால்தான். தாத்தா பாட்டியின் கார்டைத்தான் வழக்கமாக வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள்.

காரில் போவதா? பாலத்தைத் தாண்டி லிம் சொங் இயூ நெடுஞ்சாலை வழியாக துறைப் பக்கத்து வெல்ட் கீ சாலை வரைக்கும் ஓட்டி வந்தால், அதே பேருந்துகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டியதுதான். பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடும் பெரி படகிலும் 2021 முதல் காரை ஏற்றுவதில்லை. நிபோங் திபாலில் கொமுட்டர் ரயில் பிடித்து பட்டர்வொர்த்தில் இறங்கி, நடந்தே பெரிக்குப் போய்விடலாம். கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் பணம் இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். கார் இல்லாமல் முடியாது என்றால் கொம்தார் கோபுரக் கட்டடத்தின் பக்கம் நிறுத்திவிட்டு, இலவச கேட் (CAT) பேருந்தில் ஊருக்குள் வாருங்கள்.

கிராப் வாடகைக் கார் அழைப்பவர்கள் மணிக்கூண்டு வட்டச்சாலையில் நின்று அழைக்காதீர்கள். விலையும் ஏறும், வண்டியும் உள்ளே வர முடியாது. நாலு தெரு தள்ளிப் போய் அழையுங்கள். திரிஷா (மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா) என்றால் மணிக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். இறங்கும்போது பேசினால் சண்டைதான்.

ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன்னால், சுவரோடு சேர்த்து நிறுத்திய நிஜ சைக்கிளைப் பிடித்தபடி படமெடுக்க வரிசை நிற்கும். 8 மணிக்கு முன் போனால் உண்டு, பிறகு போனால் விட்டுவிடுங்கள். நாசி கண்டார் சோற்றுக்கு 11 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். அரிசி, மசாலா மூட்டை எதையும் காலையிலேயே வாங்கிச் சுமக்க வேண்டாம்; பெரிக்குத் திரும்பும்போது வாங்கினால் போதும்.