விண்டோஸை மாற்றுவதற்கு முன்: பேக்கப் எடுத்துவிட்டதாக நம்பவைக்கும் தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கணினியை ஒருமுறை துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் 11 போடலாம் என்ற யோசனை பலருக்கும் வந்திருக்கும். அதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும் என்பது தெரியாதவர்கள் இன்று அநேகமாக இல்லை, எடுக்கவும் செய்கிறார்கள். ஆனாலும் கோப்புகள் தொலைகின்றன. மறந்து விட்டுப்போனவை ஒரு பக்கம் இருக்க, நகலெடுத்தாகிவிட்டது என்று நம்பித் தொலைத்தவைதான் அதிகம் வலிக்கின்றன.

டி டிரைவ் என்ற நம்பிக்கை

ஒரே டிஸ்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்து, சியில் விண்டோஸ், டியில் நம் சொத்து என்று வைத்திருப்பது நம் வீடுகளில் பழகிப்போன ஏற்பாடு. விண்டோஸ் மாற்றும்போது சியில் இருப்பதையெல்லாம் டிக்கு நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சி, டி இரண்டும் இருப்பது ஒரே டிஸ்கில். அது பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பழுது கூட வேண்டாம். விண்டோஸ் நிறுவும்போது எந்தப் பகுதியில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1’, ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3’ என்று எண்களும் கொள்ளளவும் வரிசையாக நிற்கும். இரண்டு பகுதிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் எது எது என்று ஊகிக்க வேண்டியதுதான். அங்கே ‘டெலிட்’டைத் தவறான வரியில் அழுத்தினால் போதும். கடையில் கொடுத்தாலும் இதே ஆபத்து உண்டு: ‘ஃபார்மட் செய்து கொடுங்கள்’ என்று நீங்கள் சொன்னதை அவர் முழு டிஸ்குக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் இருக்கிறதே என்பது பழைய ஹார்ட் டிஸ்க் காலத்து தைரியம். இப்போதைய கணினிகளில் இருக்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்கில், அழிக்கப்பட்ட இடங்களை இனி காலி செய்துகொள்ளலாம் என்று விண்டோஸே டிஸ்குக்குத் தகவல் அனுப்பிவிடுகிறது. ட்ரிம் என்று இதற்குப் பெயர். அதன் பிறகு மீட்பு மென்பொருளுக்கு எடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

பென் டிரைவில் நடப்பவை

டெஸ்க்டாப்பில் ‘கல்யாண போட்டோ’ என்று ஒரு கோப்புறை. அதை அப்படியே இழுத்துப் பென் டிரைவில் போடுகிறோம். நொடியில் முடிந்துவிடுகிறது. அந்த வேகமே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். கோப்புறைக்கான ஐகானின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி இருந்தால் அது கோப்புறை அல்ல, ஷார்ட்கட். உண்மையான படங்கள் இருக்கும் இடத்தைச் சுட்டுகிற ஓரிரு கேபி அளவுள்ள குறிப்பு. இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், பென் டிரைவில் இருக்கும் அந்த ஷார்ட்கட்டை அதே கணினியில் சொடுக்கிப் பார்த்தால் படங்கள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும். மூலக் கோப்புகள் இன்னும் அங்கேதானே இருக்கின்றன! விண்டோஸ் மாற்றிய பிறகு சொடுக்கினால்தான் விஷயம் தெரியும்.

அடுத்தது 4 ஜிபி வரம்பு. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்ட பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. 30 ஜிபி காலியாக இருந்தாலும் முடியாது. திருமண வீடியோ போன்ற பெரிய கோப்பு வரும்போது விண்டோஸ் ஓர் எச்சரிக்கை காட்டும். பக்கத்திலேயே ‘ஸ்கிப்’ என்ற பொத்தான். அவசரத்தில் அதை அழுத்திவிட்டு, மீதி நகலானதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாற்றும்போது அதில் ஏற்கெனவே இருப்பது அழியும் என்பதால் அதை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

விண்டோஸ் நிறுவுவதற்கான பென் டிரைவும் பேக்கப் பென் டிரைவும் ஒன்றாக இருக்கவே கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவைக் கேட்கும். கொடுத்ததும் அதில் உள்ள அனைத்தையும் துடைத்துவிடும். எச்சரித்துவிட்டுத்தான் துடைக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. நம்ப முடியாத விலையில் கிடைக்கும் ‘2 டிபி’ பென் டிரைவ்களை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். பலவற்றில் உண்மைக் கொள்ளளவு சில ஜிபிதான். அது நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் எழுதப்பட்டதாகவே காட்டும், பட்டியலில் பெயரும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

மேகத்தில் இருக்கிறது என்பவர்களுக்கு

இணையச் சேமிப்பு இடங்களில், மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி, கூகுள் டிரைவில் 15 ஜிபி. நிரம்பியதும் பதிவேற்றம் நின்றுவிடும். கணினியில் வழக்கம்போல வேலை நடப்பதால் அது கண்ணில் படாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேகப் படத்தைச் சொடுக்கி, எல்லாம் ஏறி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட, வேறொரு கருவியில் உலாவி வழியாக உங்கள் கணக்குக்குள் போய்க் கோப்புகளைத் திறந்து பார்ப்பது உறுதி. ஒன்டிரைவ் இயங்கும் கணினியில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இடம் மாறியிருக்கலாம் என்பதையும் கவனிக்கவும். பழைய இடத்தில் தேடுபவருக்கு வெறும் கோப்புறைதான் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாதவை

படம், வீடியோ, ஆவணம் என்று எடுத்துவைக்கிறோம். எழுத்துருக்களை யாரும் எடுப்பதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை திறக்கும், ஆனால் தமிழாக இருக்காது. ‘அம்மா’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அதை அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் சரியாகிவிடும். சி டிரைவில் ‘விண்டோஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியிலிருந்து நீங்கள் சேர்த்த எழுத்துருக்களைத் தனியே நகலெடுங்கள். சில எழுத்துருக்கள் உங்கள் பயனர் கணக்குக்குள் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ கோப்புறையிலும் இருக்கலாம்.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் இன்னொரு பள்ளம். ஃபயர்ஃபாக்ஸின் புரொஃபைல் கோப்புறையை நகலெடுத்தால் கடவுச்சொற்களும் கூடவே வரும். குரோமில் அப்படி இல்லை. அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை என்பதால், கோப்புறை வந்தாலும் புதிய விண்டோஸில் பூட்டு திறக்காது. கூகுள் கணக்கோடு ஒத்திசைத்துக்கொள்ளலாம், அல்லது ஏற்றுமதி செய்துகொள்ளலாம். ஏற்றுமதியாகும் கோப்பில் கடவுச்சொற்கள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பச்சையாக இருக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

வீட்டிலேயே டேலியில் கணக்கு எழுதுபவர்கள், நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் காட்டப்படும் தரவுப் பாதையைக் குறித்துக்கொண்டு அந்தக் கோப்புறையைத் தேடிப் பிடிப்பது நல்லது. அது டாக்குமென்ட்ஸில்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

டி டிரைவை அப்படியே விட்டுவைப்பவர்கள் டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை மறந்துவிடக்கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இயங்கும் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். புதிய விண்டோஸ் வந்ததும் டி டிரைவ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

திறந்து பாருங்கள், வேறு கணினியில்

நகலெடுத்ததும் மூலக் கோப்புறை, நகல் இரண்டின் மேலும் வலச்சொடுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற வரி டிஸ்குக்கு டிஸ்க் மாறும்; ‘சைஸ்’ வரிதான் ஒத்துப்போக வேண்டும். பிறகு அந்த டிஸ்கை இன்னொரு கணினியில் செருகி, ஒரு பழைய படம், ஒரு வீடியோவின் கடைசி நிமிடம், ஒரு தமிழ் ஆவணம் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். ஷார்ட்கட்டும் போலிப் பென் டிரைவும் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். விலைமதிப்பற்ற படங்களை மட்டுமாவது இரண்டாவது டிஸ்கிலும் வைத்துக்கொள்ளலாம்.

நிறுவத் தொடங்கும் முன் பேக்கப் டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் அதுவும் அந்தப் பார்ட்டிஷன் பட்டியலில் வந்து நிற்கும். புதிய விண்டோஸ் வந்த மறுநாளே அந்த டிஸ்கை வேறு வேலைக்கு எடுக்கவும் வேண்டாம். வரிக் கணக்கோ, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் நகலோ தேவைப்படும் நாள் வரும்போதுதான் எது விடுபட்டது என்பது தெரியவரும்.